கிணற்றுப் பாசியும் கடற்கரை எருக்கும்

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பள்ளி வளாகத்துப் பழைய கல் கிணற்றின் உட்சுவரில் அடர்பச்சையாக ஒரு பாசித் திட்டு இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அப்படிப் பார்த்ததில்லை. மதிலுக்கு வெளியே எருக்கு காடாய்ப் பூத்துக் கிடக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு மாணவர்கள் கண்காட்சி வைக்கப் போகிறார்கள். எதை வைத்து ஒப்பிடுவது? இரண்டையும் வளர்த்துக் காட்ட முடியுமா? கோடையில் கிணற்றைத் தூர்வாரும்போது பாசியை என்ன செய்வது?

அருமையான ஜோடி. ஆனால் 'ஒன்று பூக்கும், ஒன்று பூக்காது. ஒன்றுக்கு வேர் உண்டு, ஒன்றுக்கு இல்லை' என்று இரண்டு பத்தியாக அட்டவணை போட்டு முடித்துவிடாதீர்கள். அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இந்தக் கரையில் வைத்துப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தண்ணீரை எது எப்படி நடத்துகிறது? எருக்கு தண்ணீரைத் தேடிப் போய் எடுக்கும், எடுத்ததை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பாசி தேடவும் தேடாது, சேர்த்து வைக்கவும் வைக்காது. மேலே வந்து விழுந்தால் குடிக்கும், போய்விட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். ஒன்று ஏன் எங்கும் இருக்கிறது, மற்றது ஏன் ஒரு கிணற்றுக்குள் ஒண்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கான பதில் இதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். நம் கரையில் பாசி என்றால் பலதும் வரும். பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்து சிவப்புக் கடற்பாசி; கட்டக்கோரை பழுப்புக் கடற்பாசி. மசாலாவில் போடும் கல்பாசி ஒரு லைக்கன், அதாவது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து குடித்தனம் நடத்துவது. ஊருணிப் படியில் வழுக்குவது ஆல்கா. இவற்றுக்கும் உங்கள் கிணற்றுப் பாசிக்கும் நெருங்கிய உறவு கிடையாது. அது பதினோராம் வகுப்பில் ஃபியூனேரியாவை வைத்துச் சொல்லித்தரும் 'மாஸ்' வகை. சோதிப்பது எளிது. விரலால் லேசாகத் தொட்டால் வழுவழுவென்று ஒட்டினால் ஆல்கா. தண்டு, இலை எதுவும் இல்லாமல் தகடாகவோ பொருக்காகவோ கல்லோடு ஒட்டிக் கிடந்தால் பெரும்பாலும் லைக்கன். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்க்கும்போது சின்னஞ்சிறு தண்டும் அதைச் சுற்றி இலைகளும் தெரிந்தால் அது மாஸ்.

எந்த இனம் என்று புகைப்படத்தைப் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது, சொன்னாலும் நம்பாதீர்கள். நுண்ணோக்கி வேண்டும். ஆனால் எந்தப் பேரினம் என்று ஊகிக்கச் சில தடயங்கள் உண்டு. காய்ந்திருக்கும்போது இலைகள் உட்பக்கமாகக் குழல்போல் சுருண்டு, நனைந்ததும் நட்சத்திரமாக விரிந்தால் ஹையோஃபிலாவாக இருக்கலாம்; இந்தியச் சமவெளிகளில் சுண்ணாம்புச் சுவர்களிலும் காரைச் சுவர்களிலும் அதிகம் தென்படும் ஹையோஃபிலா இன்வொலூட்டா இப்படித்தான் நடந்துகொள்ளும். இலைகள் தண்டின் இரண்டு பக்கத்திலும் மட்டும் வரிசையாக, தட்டையாக, இறகுபோல் அமைந்திருந்தால் ஃபிஸிடென்ஸ். மொத்தத் திட்டுமே வெள்ளிப் பூச்சு அடித்ததுபோல் மினுங்கினால் பிரையம் அர்ஜென்டியம். அதன் இலை நுனியில் பச்சையம் இருக்காது, அதனால் அந்த வெள்ளி நிறம்.

'அரிது' என்ற சொல்லைக் கண்காட்சிப் பலகையில் எழுதும்போது ஜாக்கிரதை. மேலே சொன்ன மூன்றும் உலக அளவில் அரிய இனங்கள் அல்ல. உலக அளவிலேயே அரிது என்றால் இமயமலை உட்பட மிகச் சில இடங்களில் மட்டும் வாழும் டகாக்கியா போன்றவற்றைச் சொல்லலாம். அது 1958-ல் அறிவியலுக்கு அறிமுகமானபோது மாஸுக்கு உறவான ஈரல்செடி வகையாகத்தான் கருதப்பட்டது. அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் அதன் ஸ்போர்ப் பை (விதைக்குப் பதிலாகப் பரவும் நுண்துகளான ஸ்போர் உருவாகும் பை) கிடைத்து, 1993-ல் அந்த விவரம் வெளியான பிறகே அது மாஸ் என்று உறுதியானது. உங்கள் கிணற்றுப் பாசி இந்தக் கரையில் பார்க்கக் கிடைப்பது அரிது, அவ்வளவுதான். 'ராமநாதபுரம் கரையில் அரிதாகக் காணப்படுவது' என்றே எழுதுங்கள். அதுவே போதுமான பெருமை.

ஏன் இங்கே அரிது? வெயில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வெயில் மட்டும் காரணமில்லை. நன்றாகக் காய்ந்த நிலையில் பாசி தாங்கும் சூடு வியக்க வைப்பது. அதே பாசி ஈரமாக இருக்கும்போது அதைவிடக் குறைந்த சூட்டிலேயே வெந்துவிடும். குளிரிலும் அப்படித்தான்: அண்டார்க்டிக் பகுதியின் சிக்னி தீவில் உறைபனிக்குள் சுமார் 1,500 ஆண்டுகள் கிடந்த பாசி, வெதுவெதுப்பான ஈரத்தில் வைத்ததும் துளிர்த்ததாக 2014-ல் அறிவித்தார்கள். இத்தனை தாங்கக்கூடிய செடியை நம் கரையில் ஒடுக்குவது இரண்டு விஷயங்கள்: ஈரம் நிலைக்கும் நேரம் குறைவு, காற்றிலும் தண்ணீரிலும் உப்பு அதிகம்.

ஈரம் நிலைக்கும் நேரம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காய்ந்த பாசி நனைந்தவுடன் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடாது. காய்ந்திருந்த காலத்தில் செல்சவ்வுகளில் ஏற்பட்ட பழுதை முதலில் சரிசெய்யும். அதற்குச் சக்தி வேண்டும், அதனால் மூச்சு விடுவது கூடும். சேமிப்பில் இருந்த சர்க்கரை கரையும். அதற்குப் பிறகுதான் ஒளிச்சேர்க்கை பழைய நிலைக்கு வந்து, வரவு செலவை மிஞ்சும். இதற்கிடையில், அரைமணி நேரத்தில் வெயில் வந்து உலர்த்திவிட்டால் அந்த நனைதல் பாசிக்கு வெறும் நஷ்டம். இப்படி நாலு தூறல் வந்து வந்து போனால் திட்டு மெலிந்து செத்துப்போகும். ராமநாதபுரம் மாவட்டத்தில் வருடத்தில் பெரும்பங்கு மழை ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி, வாடைக்காற்றுக் காலத்தில் கொட்டித் தீர்க்கிறது. மற்ற மாதங்களில் வருவது பெரும்பாலும் நின்று பெய்யாத தூறல். கொடைக்கானலில் இந்தச் சிக்கல் இல்லை. மேகமே வந்து சுவரில் உட்கார்ந்துகொள்கிறது. நேர்க்கோட்டில் பார்த்தால் அது ராமநாதபுரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர்தான். ஸ்போர் காற்றில் அந்தத் தூரத்தைக் கடந்து வந்துவிடும். வந்து விழுவது பிரச்சினையே இல்லை, விழுந்த இடத்தில் பல நாள் தொடர்ந்து ஈரம் கிடைப்பதுதான் பிரச்சினை.

அடுத்தது உப்பு. மாஸ் இலைக்கு மேல்தோலில் மெழுகுப் பூச்சு மிகக் குறைவு, இலையில் துளைகளும் கிடையாது. நடுநரம்பை விட்டால் இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன். தண்ணீரை உடம்பு முழுக்கக் குடிக்கும். கீழே இருக்கும் வேரிழைகள் கல்லைப் பிடித்துக்கொள்ள மட்டுமே பெரிதும் உதவும், உண்மையான வேரைப்போல் வடிகட்டி எடுத்துக் கொடுக்காது. ஆகவே தெளிக்கும் தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அப்படியே உள்ளே போகும். தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு இலைமேல் தங்கும். அடுத்த முறை நனையும்போது இன்னும் கொஞ்சம். கடலுக்குள் வாழும் மாஸ் ஒன்றுகூட உலகத்தில் இல்லை என்பது இந்தக் குழுவுக்கு உப்பு எவ்வளவு ஒவ்வாது என்பதைச் சொல்லிவிடும். தென்கடல் பக்கம் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் சுவர்மேல் கை வைத்து நக்கிப் பார்த்தால் கரிக்கும். அந்தச் சுவரில் பாசியைத் தேடிப் பயனில்லை.

இனி உங்கள் கிணற்றைப் பாருங்கள். காற்று நேராக அடிக்காது. நண்பகல் தவிர நிழல். தண்ணீர் மட்டத்திலிருந்து எழும் ஈரம் இரவு முழுக்கச் சுவரில் தங்கும். மணலுக்கு அடியில் உப்புநீரின்மேல் மிதக்கும் மழைநீர்தான் ஊற்று என்பதால், கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் தண்ணீர் ஓரளவு நல்ல தண்ணீர். சுண்ணாம்புக் காரை பூசிய கல். பாசிக்கு வேண்டிய ஐந்தும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. இந்த ஐந்தில் இரண்டு குறைந்தாலே அது இருக்காது. அதனால்தான் பாசியைப் பாதுகாப்பது என்றால் இந்த இடத்தின் தன்மையைப் பாதுகாப்பது என்று சொல்கிறோம்.

எருக்கு இதற்கு நேரெதிர். இலையின் மேலும் அடியிலும் வெண்பொடியும் மெழுகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓடிவிடும், உள்ளே ஒரு துளி போகாது. தண்ணீர் முழுவதும் வேர் வழியாகத்தான். ஆணிவேர் மணலைத் துளைத்துக்கொண்டு ஆழத்து ஈரத்துக்குப் போய்விடும், வேர் எடுக்கும்போதே உப்பில் ஒரு பங்கைத் தடுத்துவிடும். உப்புக்காற்று இலைமேல் படிந்தாலும் மெழுகு தடுக்கும். கிள்ளினால் வடியும் பால் ஆடுமாடுகளை அண்டவிடாது. சேதுச்சாலை ஓரத்தில், கண்மாய்க் கரையில், சீமைக்கருவேலம் வெட்டிய பொட்டலில், தனுஷ்கோடி மணல்திட்டில் அடம்பங்கொடிக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் அது நிற்பதற்கு இந்த ஏற்பாடுகள் எல்லாம் சேர்ந்தே காரணம். விலை என்ன தெரியுமா? எருக்கின் இலை ஒரு முறை முழுதாகக் காய்ந்துவிட்டால் திரும்பாது. பாசி இலை திரும்பும். கண்காட்சியின் நடுவில் வைக்க வேண்டியது இந்த ஒரு வித்தியாசம்.

அதைக் காட்டும் சோதனை இப்படி. கிணற்றுச் சுவரிலிருந்து பெயர்க்க வேண்டாம், கீழே உதிர்ந்து கிடக்கும் துணுக்கு போதும், ஒரு ரூபாய்க் காசு அளவு. ஒட்டியிருக்கும் மண்ணை மழைநீரில் அலசிப் போக்கிவிடுங்கள். மண் எடை சேர்ந்தால் கணக்கு கெட்டுவிடும். நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டும் சிறிய மின்தராசு வேண்டும். நிழலில் காகிதத்தின்மேல் இரண்டு நாள் உலர்த்தி எடை போடுங்கள். பிறகு மழைநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை வடிதாளால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி எடை. சில மடங்கு கூடியிருக்கும். அதே நாளில் ஒரு எருக்க இலையைப் பறித்து, பால் வடிந்து நின்றதும் எடை போட்டு, அதே நிழலில் வையுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை. இலை சருகானதும் அதையும் தண்ணீரில் ஊற வைத்துப் பாருங்கள். நனையும், மெதுவாகும், ஆனால் பழுப்பு பழுப்புதான். பாசி பச்சையாகிவிடும். மாணவர்கள் செய்யும் வழக்கமான பிழை, வெயிலில் வைத்து அவசரமாகக் காயவைப்பது. பாசி மெதுவாகக் காய்ந்தால்தான் தன்னைத் தயார்செய்துகொள்ளும். வேகமாகக் காய்ந்தது திரும்பாமல் போகலாம்.

சுருள் விரிவதைப் பார்ப்பதுதான் எனக்கு இதில் ஆகப் பிடித்த பகுதி. காய்ந்த ஒரே ஒரு தண்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, சொட்டுமருந்துக் குழாயால் ஓரத்தில் ஒரு துளி விடுங்கள். துளி தண்டின் அடியைத் தொட்டதும் இலைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடுக்குகள் வழியாக வெளிப்பக்கமாகவே மேலே ஏறும். கீழ் இலை முதலில் அசையும். குழலாகச் சுருண்டது பிரிந்து, வெளியே சாய்ந்து, நிறம் அழுக்குப் பழுப்பிலிருந்து தெளிந்த பச்சைக்கு மாறும். நுனிவரை விரிந்து முடிக்கப் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது. தண்ணீர் தண்டுக்கு உள்ளே ஏறவில்லை, வெளியே ஏறியது என்பதை மாணவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். சைலம், அதாவது தண்ணீர் ஏற்றும் உட்குழாய், இல்லாத செடி என்று நூறு தடவை சொல்வதைவிட இது மேல்.

இனப்பெருக்கத்தையும் ஒப்பிடலாம், அதற்கும் நல்ல காட்சி கிடைக்கும். எருக்கம்பூவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து இதழ், நடுவில் ஐந்து மடல் கொண்ட கிரீடம், அதன் உச்சியில் ஐங்கோண வடிவத்தில் ஒரு தட்டையான மேடை. மேடையின் ஒவ்வொரு மூலையிலும் ஊசிமுனை அளவு கரும்புள்ளி. மூலைக்குக் கீழே ஒரு சிறு பிளவு இருக்கும். அதில் குண்டூசியைச் செருகி மெல்ல மேலே இழுத்தால் அந்தக் கரும்புள்ளி ஊசியில் கவ்விக்கொண்டு வரும். அதிலிருந்து இரண்டு மஞ்சள் பைகள் தொங்கும். ஒரு பைக்குள் மகரந்தம் முழுவதும் ஒரே பொட்டலம். ஒரு பூவுக்கு இப்படி ஐந்து ஜோடி. மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டு தேன் குடிக்க வந்து நிற்கும்போது அதன் கால் இந்தப் பிளவில் மாட்டி, பொட்டலத்தோடு வெளியே வரும், அடுத்த பூவில் செருகும். சிறிய பூச்சிகளுக்கு இழுத்து விடுபடும் பலம் போதாது, மாட்டிக்கொண்டால் சில அங்கேயே செத்துக் கிடக்கும். பூவைப் பிரித்துப் பார்த்தால் அதையும் காணலாம்.

பாசியில் ஆண் செல் நீந்தித்தான் போக வேண்டும். மெல்லிய நீர்ப்படலம் இடைவிடாமல் இருந்தாலும் சில சென்டிமீட்டர்தான் போகும். ஹையோஃபிலா இன்வொலூட்டாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரு கிணற்றில் ஒரே ஒரு திட்டு இருந்து, அது முழுக்க ஒரே பாலாக இருந்தால் ஸ்போர்ப் பை வரவே வராது. உங்கள் திட்டில் மழைக்காலம் முடிந்த பிறகும் மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும் சிறு பைகள் தென்படவில்லை என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அது நோயல்ல. இலைக்கக்கத்தில் உருவாகும் நுண்ணிய மொட்டுத்துணுக்குகள் உதிர்ந்தே பரவும், தண்ணீர் தெறித்தாலே போதும். இங்கும் தூது போகிறவர்கள் உண்டு என்பது அழகான செய்தி: 2006-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள், வில்வால் பூச்சிகளும் (ஸ்பிரிங்டெயில் எனும் துள்ளும் சிற்றுயிர்கள்) நுண்ணிய உண்ணிகளும் பாசியின் ஆண் செல்களை ஒரு திட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து செல்வதைச் சோதனையில் காட்டினார்கள். எருக்குக்குக் கருவண்டு மாதிரி இதற்கு அவை. கிணற்றுச் சுவரில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள் என்று சொல்ல இன்னொரு காரணம்.

மூத்த மாணவர்களுக்கு ஒரு விஷயம் கூடுதலாகச் சொல்லலாம். எருக்குச் செடியின் உடல் செல்லில் குரோமோசோம்கள் இரட்டைத் தொகுப்பாக இருக்கும், 22. கண்ணுக்குத் தெரியும் பாசிச் செடியிலோ ஒற்றைத் தொகுப்புதான். ஸ்போர்ப் பையும் அதன் காம்பும் மட்டுமே இரட்டைத் தொகுப்பு, அவையும் தாய்ச்செடியின்மேல் ஒட்டிக்கொண்டு அதனிடமே உணவு வாங்கும். எருக்கில் நாம் பார்ப்பது ஒரு தலைமுறையை, பாசியில் பார்ப்பது மற்றத் தலைமுறையை. ஆகவே 'இலை' என்று இரண்டையும் ஒரே பெயரால் சொன்னாலும் அவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை அல்ல.

வளர்த்துக் காட்டுவது பற்றி. எருக்கு சுலபம், ஆனால் காட்டில் நிற்பதைப் பிடுங்கி நட்டால் வராது, ஆணிவேர் அறுந்துபோகும். வெடிக்கத் தொடங்கிய காயிலிருந்து புதுவிதை எடுத்து, பஞ்சை நீக்கிவிட்டு, இரண்டு பங்கு ஆற்றுமணலும் ஒரு பங்கு செம்மண்ணும் கலந்து, கால் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். நாற்றங்காலில் கிடைக்கும் குட்டைப் பை வேண்டாம், ஒரு அடி உயரப் பை அல்லது அதே நீளத்துக்கு வெட்டிய பி.வி.சி. குழாய் நல்லது. வெப்பமான நாட்களில் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். முளைத்த பிறகு மண் மேற்பரப்பு நன்றாகக் காய்ந்தால் மட்டும் தண்ணீர். தினமும் ஊற்றினால் வேர் அழுகும், எருக்கு நாற்று சாவதற்கு அதுவே பெரிய காரணம். நான்கைந்து ஜோடி இலை வந்ததும் நட்டுவிடுங்கள், பையில் விட்டால் வேர் சுருண்டுவிடும். தண்டு நுனியில் மஞ்சள் நிறத்தில் அசுவினி மொய்க்கும், நீல மஞ்சள் வரிபோட்ட வெட்டுக்கிளி வரும், வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு இலையைத் தின்னும். மருந்து அடிக்க வேண்டாம். அவையும் கண்காட்சிக்கு உரியவைதான்.

ஒரு எச்சரிக்கையைப் பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. பட்டால் முதலில் வலி அதிகம் தெரியாமல் போகலாம், சில மணி நேரத்தில் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். உடனே சுத்தமான தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பூவைப் பறிப்பவர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளட்டும். பிள்ளையாருக்கு மாலை கட்டிப் பழகிய கைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

பாசி வளர்ப்பதுதான் பொறுமை கேட்கும். உதிர்ந்த துணுக்குகளை விரலால் பிய்த்து, பழைய செங்கல் அல்லது சுண்ணாம்புக்காரை ஒட்டிய கல்லின்மேல் தூவி, லேசாக அழுத்துங்கள். மோரில் அரைத்துப் பூசச் சொல்லும் குறிப்பு இணையத்தில் சுற்றுகிறது. நம் வெப்பத்தில் மோர் பூஞ்சையைத்தான் வளர்க்கும். கல்லை ஒரு தட்டில் வைத்து, தட்டில் அரை அங்குலம் மழைநீர் விட்டு, மேலே ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு ஓரத்தில் பென்சில் செருகிக் காற்று போக வழி விடுங்கள். வடக்கு ஜன்னல் போதும், நேர்வெயில் கூடாது. தெளிப்பது மாலையில், இரவு முழுக்க ஈரம் நிற்கும்படி. நண்பகலில் வாடியதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் தெளிப்பதுதான் பலர் பாசியைக் கொல்லும் விதம். இரண்டு மூன்று வாரத்தில் பச்சை நூல்போல் படரத் தொடங்கினால் சரியான பாதை, இலையோடு தண்டு வர இன்னும் ஒன்றிரண்டு மாதம்.

தண்ணீர் விஷயத்தில் சமரசம் வேண்டாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். மழைநீர் கிடைத்தால் வேறெதுவும் வேண்டாம், இல்லாவிட்டால் 100-க்குக் கீழே காட்டும் தண்ணீர். குடிநீருக்கு விரும்பத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. நாம் குடிக்கலாம், ஆனால் அதையே பாசிக்குத் தினமும் தெளித்தால் உப்பு ஏறிவிடும். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுநீர் அறவே ஆகாது. கல்லில் வெள்ளைப் பொருக்கு கட்டினால் தண்ணீரில் உப்பு; திட்டு பழுப்பாகி ஈரத்திலும் பச்சையாகாவிட்டால் சூடு; வெள்ளை நூல் படர்ந்தால் காற்றோட்டம் போதவில்லை; பச்சை வழுவழுப்பு மூடினால் ஈரம் விடாமல் நிற்கிறது, ஒரு வாரம் மெதுவாகக் காயவிடுங்கள்.

இப்போது தூர்வாரும் விஷயம். கிணற்றைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும், பாசிக்காகப் பிள்ளைகளின் குடிநீரைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் முரண்படாது. அடிச்சேற்றை அள்ளுங்கள், தண்ணீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள வழுவழுப்பைத் தேய்த்து எடுங்கள். அதற்கு மேலே, பாசித் திட்டும் அதைச் சுற்றி ஒரு முழமும் துடைப்பம் படாமல் இருக்கட்டும். ஆட்கள் இறங்கும் முன் அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டம் போட்டுக் காட்டிவிடுங்கள். மாணவர் யாரையும் உள்ளே இறக்காதீர்கள், எட்டிப் பார்க்கவும் விடாதீர்கள். நீளக் கம்பில் கைபேசியைக் கட்டிப் படம் எடுத்தாலே போதும்.

குளோரின் போடும் அளவு: ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். கிணற்றுத் தண்ணீரின் அளவைக் கண்டுபிடிக்க, விட்டத்தை மீட்டரில் அளந்து அதையே அதனால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்குங்கள், லிட்டர் வரும். விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் என்றால் 9,420 லிட்டர், பவுடர் சுமார் 24 கிராம். வாளியில் குழைத்துத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியப் பத்து நிமிடம் விட்டு, தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, அதைத் தண்ணீருக்கு அடியில் இறக்கி அசைத்துக் கலந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். மேலிருந்து வீசிக் கொட்டினால் சுவரில் தெறிக்கும், பாசி வெளுத்துவிடும். தண்ணீரிலும் சரியாகக் கலக்காது.

அழிவு வருவது பெரும்பாலும் தூர்வாருவதால் அல்ல, 'அழகுபடுத்துவதால்'. புதுச் சுண்ணாம்பு அடித்தால் அதன் காரத்தில் பாசி அன்றே செத்துப்போகும். ஆனால் அது காலப்போக்கில் காற்றில் இறுகித் தணிந்தபின் பாசி திரும்ப வர வாய்ப்புண்டு. பிளாஸ்டிக் எமல்ஷன் பூசினால் சுவர் தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது, அந்த இடம் பாசிக்குப் போனதுதான். பழைய கல்லைப் பெயர்த்துவிட்டு சிமெண்ட் உறை இறக்குவதும் கிட்டத்தட்ட அதே கதை. பாசி சுவரைப் பிளக்கும் என்ற பயம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிளப்பது விரிசலில் முளைக்கும் அரசும் ஆலும். எருக்கு நாற்றும் சில சமயம் விரிசலில் வரும், அதைச் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடலாம்.

பெயர் உறுதி செய்ய ஒரு சிட்டிகை அளவு மாதிரி போதும். எருக்கிலையைப்போல் காகிதத்துக்கு நடுவில் அழுத்தக் கூடாது. நிழலில் காயவைத்து, மடித்த காகித உறையில் போட்டு, உறையின்மேல் ஊர், தேதி, கிணற்றில் எந்தத் திசைச் சுவர், தண்ணீர் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், கல்லா காரையா என்று எழுதுங்கள். இந்த விவரம் இல்லாத மாதிரியால் யாருக்கும் பயனில்லை. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது, பள்ளி வழியாகக் கடிதம் எழுதிக் கேட்கலாம்.

சுவரை இடித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் பாசியைச் சுரண்டி எடுக்காதீர்கள், கல்லோடு பெயர்த்து எடுங்கள். பெயர்க்கும் முன் கல்லில் மேல்பக்கம் எது, அது பார்த்திருந்த திசை எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே திசை பார்த்து, நேர்வெயிலும் கடற்காற்றும் படாத இடத்தில், மழைநீர் சொட்டும் கூரைக்குழாய்க்குப் பக்கத்தில் வைக்கலாம். செய்வதானால் ஐப்பசி மழை பிடித்த பிறகு செய்யுங்கள். சித்திரையில் மாற்றினால் புது இடத்தில் வேரிழை பற்றுவதற்குள் காய்ந்துபோகும்.